படிப்பு ஏறாத பொண்ணு

ஷூவின் மேல்தோலை ஊசிக்கடியில் திருப்புவதில் ரோஸின் கைக்கு அந்தக் கம்பெனியின் தையல் லைனில் ஈடு கிடையாது. அன்று மட்டும் மூன்றாவது துண்டும் கோணிக்கொண்டு போயிற்று. பக்கத்து மிஷின் பில்கிஸ் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, தையல் ஆம்பூர்ல ஏறி அரக்கோணம் போய் எறங்குது?"

ரோஸ் சிரிக்கவில்லை. நூலை அறுத்துப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"நேத்து பேங்க்குக்குப் போனேன் பில்கிஸு. அக்சா படிப்புக்கு ரெண்டே முக்கா லட்சம்தான் வாங்கினோம். இப்ப மூணே முக்காலாம்."

"ஒரு லட்சம் எங்கேர்ந்துக்கா வந்துச்சு?"

"வட்டி. அவ படிக்கிறப்பவே ஏறிக்கினு இருந்துச்சாம்."

ரோஸ் அறிந்த கடன் ஒன்றே ஒன்று. கம்பெனி அட்வான்ஸ். சம்பளம் போட்டால் பிடிப்பார்கள். உடம்புக்கு முடியாமல் லீவில் கிடந்தால் பிடித்தமில்லை. வாங்கிய தொகை அப்படியே நிற்கும், ஒரு ரூபாய் கூடாது. மகள் சம்பாதிக்கத் தொடங்கும்வரை பேங்க் கடனும் அப்படித்தான் சும்மா கிடக்கும் என்று நிம்மதியாக இருந்துவிட்டாள். நேற்று பேங்க் ஆபீசர் தொகையைச் சொன்னபோது, வேறு யாருடைய கணக்கையோ பார்த்துச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். இரண்டாம் முறையும் அதையே சொன்னார்.

"மாசம் ஆறாயிரத்துச் சொச்சம் கட்டணுமாம். விதைக் கம்பெனியில அவளுக்கு அஞ்சரை ஆயிரந்தான் குடுக்கறான்."

"நாலு வருசம் விவசாயம் படிச்சதுக்கு இவ்ளோதானாக்கா? பேஜாரா கீதே. அப்ப நீங்க இன்னாத்த துன்றது?"

"என் சம்பளத்தையும் போட்டு எப்டியாவது ஓட்டிடலாம். அவளுக்கு அந்த வேல நெலச்சா போதும். அது இல்லன்னா நாங்க தொலைஞ்சோம்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து சூப்பர்வைசர் கலீமுல்லா வந்தார். ராணிப்பேட்டை யூனிட்டிலிருந்து மாற்றலாகி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பின்னால் புது ஹெல்ப்பர் பெண்கள் நான்கு பேர், துப்பட்டாவை இழுத்துப் பிடித்தபடி.

"லைனுக்கு ஒருத்தி. எல்லாம் எட்டாங்கிளாஸ்தான்" என்றார் அவர். "அதுக்கு மேல ஒண்ணும் வாணாம்னு மேனேஜர் சொல்லிட்டார். ராணிப்பேட்டையில போன மாசம் ஒரு பி.காம் வந்துச்சு. மூணாம் நாளே ஓவர்டைம் சட்டம் பேசுது. நமக்கு எதுக்கு அந்தத் தலைவலி?"

நான்காவதாக நின்றவளைப் பார்த்ததும் ரோஸின் கையிலிருந்த தோல் நழுவி மடியில் விழுந்தது.

அக்சா.

காலையில்தான் நெமிலியில் விவசாயிகள் கூட்டம் என்று சொல்லியிருந்தாள். ரோஸ் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். அதே பச்சைச் சுடிதார். விதைக் கம்பெனி பேட்ஜ் குத்தும் இடத்தில் ஒன்றும் இல்லை. பில்கிஸ் வாயைத் திறந்தவள், சட்டென்று குனிந்து பாபினைத் தேடுபவள்போலத் தலையை மிஷினுக்கடியில் விட்டுக்கொண்டாள்.

"நீ இங்க" என்று அக்சாவை ரோஸின் மேஜையோரம் நிறுத்திவிட்டு, கலீமுல்லா மற்ற மூவரையும் அடுத்த லைனுக்கு நடத்திப் போனார்.

"வேல இன்னாடி ஆச்சு?" ரோஸின் குரல் மிஷின் இரைச்சலில் பாதி அமுங்கியது.

"போச்சும்மா. ஒரு வாரம் ஆச்சு."

"இன்னா பண்ண நீ?"

"பாலாத்தோரம் நெல்லு விதை விக்க அனுப்பினாங்க. மண்ண டெஸ்ட் பண்ணேன். தோல் பதனிடற டேனரித் தண்ணி எறங்கி ஒரே உப்பு. இதுல போட்டா மொளைக்காது, காச வீணாக்காதீங்கன்னு சொன்னேன். ஒருத்தரும் வாங்கல. விக்க வந்தியா, கெடுக்க வந்தியான்னு நிறுத்திட்டாங்க."

"வாய மூடிக்கினு வித்திருக்கலாம்ல?"

"அவங்களும் கடன் வாங்கித்தான்மா வாங்குவாங்க."

ரோஸ் பதில் சொல்வதற்குள் கலீமுல்லா திரும்பி வந்துவிட்டார். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா ரோஸம்மா, தெரிஞ்ச பொண்ணா?"

"எம் பொண்ணு சார்."

"அட, சொல்லவே இல்லியே. எட்டாவதுன்னு எழுதிக் குடுத்திருக்கு, நெஜந்தானே?"

மகள் பட்டம் வாங்கிய அன்று லைன் முழுக்க லட்டு கொடுத்தவள் ரோஸ். அதைத் தின்ற பெண்களின் மிஷின்கள் ஒவ்வொன்றாய் நின்றன. யாரும் நிமிரவில்லை.

"எட்டாவதுதான் சார்" என்றாள் ரோஸ். மடியில் விழுந்த தோலை எடுத்துக்கொண்டே சேர்த்தாள். "அதுக்கு மேல படிப்பு ஏறல."

"பரவால்ல, இங்க படிப்பா கேக்கறாங்க" என்றவர், தைத்து முடித்த தோல்களை அக்சாவின் முன் நகர்த்தினார். "நூல் பிசிறு வெட்டி, பத்து ஜோடி ஒரு கட்டாக் கட்டணும். ஜாஸ்தி போச்சுன்னா உன் சம்பளத்துல புடிப்பேன். எண்ணத் தெரியும்ல? எங்க, வாய் விட்டு எண்ணு, பாப்போம்."

அக்சா முதல் ஜோடியை எடுத்து வைத்தாள்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

பெடலில் வைத்த காலை ரோஸால் அழுத்த முடியவில்லை.

"ஆறு... ஏழு..."

அங்கே அக்சா நிறுத்தினாள். விரலை மடக்கிப் பார்த்தாள். உதட்டைக் கடித்து யோசிப்பவள்போல அம்மாவைப் பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னாள்.

"எட்டு."

கலீமுல்லா திருப்தியோடு தலையாட்டினார்.

"சபாஷ். போகப் போகக் கத்துக்குவ."