தலை பத்து, கண் இருபது

யுத்த காலம். பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்து அல்ஜீப்ரா வாத்தியார், ஆவடிப் பட்டாளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்ததும் கம்பி நீட்டிவிட்டார். அந்த வகுப்பு டிராயிங் வாத்தியார் வரதன் தலையில் விடிந்தது. கோடு போடத் தெரிந்தவனுக்கு எக்ஸும் ஒய்யும் போடத் தெரியாதா என்பது ஹெட்மாஸ்டர் கோதண்டத்தின் வாதம்.

வரதனோ தற்காலிக வாத்தியார். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து நல்ல வார்த்தை சொன்னால்தான் வேலை நிலைக்கும். வேலை நிலைத்தால்தான் நூம்பல் கிராமத்துத் திருவேங்கடம் தன் மகள் பொன்னம்மாளைக் கொடுப்பார்.

"புத்தகத்துல கீற கணக்கப் போட்டுறாதய்யா. இன்ஸ்பெக்டருக்கு அதெல்லாம் மனப்பாடம்," என்று எச்சரித்தார் கோதண்டம்.

புத்தகத்தில் இருந்தது ஆடு கோழிக் கணக்கு. இத்தனை தலை, இத்தனை கால். ஆடு எத்தனை, கோழி எத்தனை? வரதன் யோசித்து, காலை எடுத்துவிட்டுக் கண்ணை வைத்தார். தலை பத்து, கண் இருபது. படம் வரைகிறவருக்குக் கண்தானே முக்கியம்.

ஜட்காவில் வந்து இறங்கிய இன்ஸ்பெக்டர் கரும்பலகையில் தலைக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று என்று இருந்த இரண்டு சமன்பாடுகளையும் பார்த்துத் தலையாட்டினார். முதல் பெஞ்சு கோவிந்தன் எழுந்து, "ஆறு ஆடு, நாலு கோழி சார்," என்றான். இன்ஸ்பெக்டர் தானே போட்டுப் பார்த்தார். தலை பத்து, கண் இருபது, அச்சு அசலாகச் சரி.

"எனுக்கு மூணு ஆடு, ஏழு கோழி வந்துகீது சார்," என்றான் பக்கத்திலிருந்த துலுக்கானம். அதுவும் சரியாக இருந்தது.

வரதன் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனார். முதல் சமன்பாட்டை இரண்டால் பெருக்கி, இரண்டாவதிலிருந்து கழித்தார். ஆடும் போச்சு, கோழியும் போச்சு. பூஜ்யம் சமம் பூஜ்யம் என்று நின்றது. ஆட்டுக்கும் ரெண்டு கண், கோழிக்கும் ரெண்டு கண். ஒரே சங்கதியை இரண்டு தடவை சொல்லியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அந்த மனுஷனுக்கு உறைத்தது. பொன்னம்மாள் கைநழுவிப் போனாள் என்றே நினைத்தார்.

இன்ஸ்பெக்டர் பூஜ்யங்களை உற்றுப் பார்த்தார். புரியவில்லை என்று சொல்ல அவருடைய உத்தியோகம் இடம் கொடுக்கவில்லை.

"பேஷ். ரெண்டு பக்கமும் சமம். எந்தப் பையனைக் கேட்டாலும் சரியா விடை சொல்றான். இந்தக் கணக்கை சுத்துவட்டாரம் பூராவும் வருஷப் பரீட்சைக்கு வைக்கிறேன். நீரே திருத்தும்," என்றார்.

வேலை நிலைத்தது. சித்திரையில் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள். பங்குனியில் விடைத்தாள்கள் வந்து குவிந்தன. அத்தனை பேருக்கும் கூட்டத் தெரிந்திருந்தது, அத்தனை பேருக்கும் முழு மார்க். மாங்காட்டு ராஜம்மா என்ற பெண் மட்டும், 'கண்ணை எண்ணினால் ஆடு எத்தனை, கோழி எத்தனை என்று தெரியாது. காலை எண்ணிச் சொன்னால் போட்டுத் தருகிறேன்' என்று எழுதியிருந்தாள்.

வரதனுக்கு அவமானமாக இருந்தது. இதைச் சரி என்று போட்டால் கணக்கு தப்பு என்றாகிவிடும். இன்ஸ்பெக்டர் சும்மா விடுவாரா, வேலைதான் மிஞ்சுமா? சிவப்பு மசியைத் தொட்டு முட்டை போட்டார்.

கோதண்டம் தாள்களைப் புரட்டினார். "எல்லாரும் பாஸு. இந்தப் பொண்ணு மட்டும் இன்னாய்யா பண்ணிச்சு?"

"விடை எழுதல சார்," என்றார் வரதன்.