அம்மன் தொட்ட கற்றை

ஜெயக்குமாரின் நெற்றிக்கு மேலே பிறவியிலேயே வெளுத்த ஒரு முடிக்கற்றை. படவேட்டு ரேணுகாம்பாள் அம்மனின் விரல் பட்ட இடம் என்று ஆரணியில் அவன் வீட்டார் பெருமை பேசினர். வெள்ளிதோறும் தாய் உண்ணாமலை அவனைக் குனியச் சொல்லி, அந்தக் கற்றையில் குங்குமம் இடுவாள்.

அதே வெள்ளைக் கற்றையோடு, செவி கேளாமல், மகள் தீபா பிறந்தாள். ஆணுக்கு வந்தால் அருளாம், பெண்ணுக்கு வந்தால் பழியாம்! குழந்தையின் கற்றையில் கண்மை பூசினார்கள். பழியை அவன் மனைவி கற்பகத்தின்மேல் பூசினார்கள்.

"கிரகணத்தன்னிக்கு வயித்துப்புள்ளையோட தறியில குந்திகினு இருந்தா. அதான்" என்று உண்ணாமலை வருவோரிடமெல்லாம் சொன்னாள். ஐந்தாண்டு கேட்டுக் கேட்டுக் கற்பகமே அதை நம்பிவிட்டாள்.

வேலூரில் டாக்டர் ஃப்ளோரன்ஸ் ஈரப் பஞ்சால் தீபாவின் மையைத் துடைத்துவிட்டு, ரத்தப் பரிசோதனையின் முடிவைச் சொன்னார்.

"கிரகணத்தாலயா மேடம்?" கற்பகம் கேட்டாள்.

"இல்லம்மா. தறியில பாவு நூல் முழுக்க இருந்தாலும், எந்த இழை தூக்கணும்னு துளை போட்ட ஜக்கார்டு அட்டைதானே சொல்லுது? உடம்புலயும் அப்படித்தான். ஒவ்வொரு உயிரணுவுலயும் எல்லா மரபணுவும் இருக்கு. எதைப் படிக்கணும், எதை விடணும்னு சில புரதங்கள் அதுமேல உக்காந்து சொல்லும். அதுல ஒண்ணு பாப்பாவுக்குப் பாதி அளவுதான் வேலை செய்யுது. நிறம் தர்ற உயிரணுக்கள் சரியா உருவாகல. முடிக்கு மட்டும் இல்ல, உள்காதுக்கும் அந்த உயிரணுக்கள் வேணும்."

"யாருகிட்டருந்து வந்துச்சு?"

"அப்பாகிட்டருந்து. அவர் தப்பும் இல்ல. அவருக்கு முடியோட நின்னுபோச்சு."

திரும்பும் பேருந்தில் ஜெயக்குமார் துண்டால் தலையை மூடிக்கொண்டான். "அம்மாகிட்ட சொல்லாத. மனசு ஒடஞ்சிடும்."

"அஞ்சு வருஷமா ஒடஞ்சது என் மனசு இல்லியாங்க?"

அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்று வெள்ளிக்கிழமை. வீட்டுக்குள் நுழைந்ததும் கற்பகம் அனைத்தையும் மாமியாரிடம் சொன்னாள். குரல் உயரவில்லை, ஒரு சொல்லையும் விடவில்லை. குங்குமத் தட்டோடு நின்ற உண்ணாமலை, மகனைப் பார்த்தாள். அவன் மறுக்கவில்லை. துண்டையும் எடுக்கவில்லை.

பேசியது எதுவும் தீபாவின் காதில் விழவில்லை. ஆனால் தட்டைக் கண்டாள். தகப்பன் வாரந்தோறும் குனிவதைக் கண்டு வளர்ந்தவள், மை நீங்கிய தன் வெள்ளைக் கற்றையைக் காட்டி, பாட்டியின் முன் தலை குனிந்தாள்.

உண்ணாமலையின் விரல் குங்குமம்வரை போயிற்று. அங்கேயே நின்றது. பிறகு அவள் தட்டோடு பூசை அறைக்குத் திரும்பிவிட்டாள்.

குழந்தை குனிந்தபடியே காத்திருந்தது. கற்பகம் வாரியெடுக்கும்வரை நிமிரவில்லை.