நேர்ச்சை விமானம்

கப்பலில் போனவன் நல்லபடியாகத் திரும்பத் தகட்டில் வெட்டிய கப்பலைத் தர்காவில் வைப்பார்கள். கைவலிக்குக் கை, பிள்ளைக்குத் தொட்டில். தெலுக் ஆயர் நாகூர் தர்காவுக்கு நேர்ந்துகொண்ட என் அம்மாவுக்கு விமானம் வேண்டியிருந்தது. தகடு வெட்டுகிறவர் அப்படி ஒன்றை வெட்டியதே இல்லை என்று கையை விரித்துவிட்டார்.

தம்பி அப்துல் கையூம் சிலேத்தார் விமானத் தளத்தில் மெக்கானிக். போர்னியோக் காட்டில் இருந்த படைக்கு மேலிருந்து சாமான் போடப் போன ராணுவ விமானத்தில் அவனும் ஏறிப் போனான், விமானம் திரும்பவில்லை. விசாரிக்க அத்தா போனபோது, இங்கிலீஷ் தெரிந்தவள் என்று என்னையும் அழைத்துப் போனார். மலைச்சரிவில் அது நொறுங்கிக் கிடப்பதை மேலிருந்து பார்த்துவிட்டார்கள், யாரும் பிழைத்திருக்க முடியாது, உடலை எடுக்கவும் வழியில்லை. அதிகாரி சொன்ன இதையெல்லாம் அத்தாவுக்குத் தமிழில் சொன்ன பாவி நான்.

பஸ்ஸில் வரும்போது, "அம்மாகிட்ட நீ சொல்லாதே. நானே சொல்றேன்" என்றார்.

அது நோன்புக்கு முன்னால். நோன்பு வந்தது, பெருநாளும் போனது. அத்தா சொல்லவில்லை. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றே அம்மா நம்பியிருந்தாள்.

அத்தா நெய்னா முகம்மதுவுக்குச் சிராங்கூன் ரோட்டில் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை. தகடு கிடைக்காமல் போனதும் பொம்மைக் கடையிலிருந்து, துண்டு துண்டாக ஒட்டிச் செய்யும் ஒரு பிளாஸ்டிக் விமானப் பெட்டி வாங்கி வந்தார். தம்பி போனது பெரிய சரக்கு விமானம். கடையில் கிடைத்ததோ ஒற்றை ஆள் உட்காரும் சண்டை விமானம்.

"எதுவா இருந்தா என்னங்க, ரெக்கை இருக்குல்ல" என்றாள் அம்மா. "தகடு மாதிரி வெள்ளியா மட்டும் அடிச்சிருங்க."

கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடுக்கியால் ஒவ்வொரு துண்டாக எடுத்து ஒட்டினார். வெள்ளி பெயிண்ட் அடித்தார். எப்போது தர்காவுக்குப் போகலாம் என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "பெயிண்ட் காயல" என்பார். காய்ந்ததைச் சுரண்டிவிட்டு மறுபடியும் அடிப்பார். எனக்கு ஆத்திரமாக வரும். அம்மா அந்தப் பக்கம் போனதும், "எத்தனை நாளைக்கு அத்தா?" என்பேன். கல்லுளிமங்கன் மாதிரி பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருப்பார்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், அப்போதுதான் இன்னொரு பூச்சு அடித்து வைத்திருந்தார். அம்மா குனிந்து விமானத்தின் கண்ணாடி மூடிக்குள் பார்த்தாள்.

"உள்ள யாருங்க இது?"

"ஓட்டுறவன். பெட்டியிலயே இருந்தான். முதல்ல ஆளை உக்கார வச்சு ஒட்டணும்னு தாள்ல படம் போட்டிருந்துச்சு."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "புள்ள எறங்கி வரணும்னு நேர்ந்திருக்கேன். நீங்க உள்ள வச்சு மூடிட்டீங்களே! எறக்குங்க."

மூடியதைத் திறப்பதுதான் அத்தாவின் பிழைப்பு. மெல்லிய கத்தியை எடுத்து மூடியின் ஓரத்தில் விட்டுப் பார்த்தார். அந்தப் பசை பிளாஸ்டிக்கையே உருக்கி ஒன்றாக்கிவிடும். கத்தி நுழையவில்லை.

"வராது பரீதா. நெம்புனா ஆளு உடைஞ்சிருவான்."

"உங்களால தெறக்க முடியாததா?"

அத்தா பூதக்கண்ணாடியைக் கழற்றினார்.

"விமானம் மலையில விழுந்துருச்சு. பார்த்துட்டாங்க. நம்ம புள்ள இல்ல."

அம்மா அழவில்லை. "எப்பச் சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"நோன்புக்கு முன்னால."

"பெருநாளைக்கு அவனுக்குச் சட்டை தச்சேனே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் உள்ளே போய் அந்தச் சட்டையை எடுத்து வந்தாள். யாரும் உடுத்தாத வெள்ளைச் சட்டை. அதை மேசையில் விரித்து, விமானத்தை நடுவில் வைத்து, சட்டையின் இரண்டு கைகளையும் இழுத்து மேலே மூடினாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வெடித்தது. அழுதுகொண்டே அதை அத்தாவின் கையில் கொடுத்தாள்.

"தர்காவுக்கு வேணாம். நாளைக்கு ஜும்ஆ முடிஞ்சதும் அவனுக்கு ஜனாஸா தொழச் சொல்லுங்க. இதைக் கொண்டுபோய் அடக்கிட்டு வாங்க."

உடலுக்குப் பதில் ஒரு பொம்மையை அடக்குவது மார்க்கத்தில் கிடையாது. அத்தாவுக்கும் அது தெரியும். ஆனாலும் பிறந்த பிள்ளையை ஏந்துவதுபோல் இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். சட்டையில் வெள்ளி ஊறிக்கொண்டே இருந்தது. பெயிண்ட் காயவில்லை என்று அவர் சொல்லவில்லை.