ஹார்லன் நிலத்துப் பீவர்

ஆறு மாதமாக என்னோடு பேசாமல் இருந்த என் அண்ணன் ஹார்லன், ஏப்ரல் கடைசியில் ஒருநாள் காலை, நான் பள்ளி பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் செய்தான். ஹலோ இல்லை, எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. எடுத்ததும் சிரிப்புதான். சிரித்து ஓய்ந்து மூச்சு வாங்கிய பிறகுதான் பேச்சு வந்தது.

"வெர்னா, நீங்க உடைச்ச அணைய இன்னொருத்தன் கட்டிட்டான். டெண்டர் இல்ல, என்ஜினியர் இல்ல, வாஷிங்டன்லேருந்து சல்லிக்காசு வாங்கல. வந்து பாத்துட்டுப் போ."

கையில் சோப்பு நுரையோடு போய்ப் பார்த்தேன். ஹார்லன் வீட்டுக்குக் கீழே ஆறு குறுகுகிற இடத்தில் இக்கரையிலிருந்து அக்கரை வரை குச்சியும் சேறுமாக ஒரு சுவர். பீவரின் வேலை. பெருச்சாளியைப் பிடித்து நாய் அளவுக்கு ஊதிவிட்டு, வாலை மட்டும் தோசைத் திருப்பி மாதிரி தட்டையாக்கினால் அதுதான் பீவர். மரத்தைக் கடித்துச் சாய்க்கும், ஓடுகிற தண்ணீரைக் கண்டால் அடைக்கும், வேறு எதுவும் அதற்குத் தெரியாது. சுவருக்கு மேலே தண்ணீர் தேங்கி ஹார்லனின் படகுத்துறை வரை வந்திருந்தது. துறையின் நுனியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான் அவன். எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது, அதைத்தான் தாங்க முடியவில்லை.

நடந்தது இதுதான். அமெரிக்காவில் மெய்ன் மாநிலக் கடற்கரையில் எங்கள் ஊர். ஒரு காலத்தில் கம்பளி ஆலை இருந்தது, அதற்காக ஆற்றை மறித்து ஓர் அணை. ஆலை நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டது, அணை மட்டும் நின்றது. ஒவ்வொரு மே மாதமும் கடலிலிருந்து ஏல்வைஃப் என்ற மீன், நம் மத்திக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள், மேலே ஏரியில் முட்டையிட ஆற்றில் ஏறி வரும். வந்து அணையில் முட்டும், திரும்பிவிடும். இப்படி மறித்துக் கிடப்பதையெல்லாம் எடுத்துவிட வாஷிங்டன் அரசாங்கம் பணம் ஒதுக்கியிருக்கிறது, ஊர் சம்மதித்தால் கொடுப்பார்கள் என்று மாநில மீன்வளத் துறையிலிருந்து லிசெட் என்ற பெண் வந்து சொன்னாள். எங்கள் ஊரில் எதுவானாலும் மார்ச் மாதம் பள்ளி விளையாட்டு அறையில் எல்லோரும் கூடிக் கை தூக்கித்தான் முடிவு. ரோட்டுப் பனியைத் தள்ளுகிற வண்டியை ரிப்பேர் பண்ணவே அரை நாள் சண்டை போடுகிற ஊர் இது.

ஹார்லன் எழுந்து, "வாஷிங்டன் காசு தனியா வராது, பின்னாலயே ஆளையும் கூட்டிட்டு வரும்" என்றான். பலமான கைதட்டல். பயம் எல்லாம் காசைப் பற்றியில்லை என்பது எனக்குத் தெரியும். அவன் வீடு அணைக்குப் பின்னால் தேங்கிய ஆலைக்குளத்தின் கரையில் இருந்தது. கோடையில் படகு, குளிர்காலத்தில் பனிக்கட்டியின் மேல் ஒரு கொட்டகை போட்டுத் தூண்டில். பெண்டாட்டி விட்டுவிட்டுப் போன பிறகு அந்தக் குளத்தோடுதான் குடித்தனம்.

நானும் எழுந்தேன். எங்கள் ஊரில் பழைய சட்டம் ஒன்று உண்டு. மீன் ஏறும் காலத்தில் ஊரில் இருக்கிற ஒவ்வொரு விதவைக்கும் இரண்டு கூடை மீன் இலவசம். மீனே ஏறாததால் அதை ரத்து செய்ய யாருக்கும் தோன்றவில்லை. "என் புருஷன் ரோலண்ட் செத்து நாலு வருஷமாச்சு. என் கூடை எங்க?" என்று கேட்டேன். கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள். சிரித்த கையோடு, அணையை எடுக்கலாம் என்று கையையும் தூக்கிவிட்டார்கள். அக்டோபரில் அணையை உடைக்க இயந்திரம் வந்தது. இரண்டே நாளில் குளம் வடிந்து, ஹார்லனின் படகுத்துறை சேற்றின் மேல் நின்றது. அன்றே தன் நிலத்தைச் சுற்றி ஆரஞ்சு நிறப் பலகைகளை ஆணியடித்தான்: யாரும் உள்ளே வரக் கூடாது. எங்கள் பக்கத்தில் பலகை இல்லாத நிலத்தில் எவனும் வேட்டைக்குப் போவான், நடப்பான்; பலகை வைத்துவிட்டால் பாதிரியார்கூட உள்ளே காலை வைக்க மாட்டார்.

பீவர் கட்டிய சுவரைப் பார்த்துவிட்டு லிசெட் உதட்டைக் கடித்தாள். "முழுசா பிரிக்க வேண்டாம் வெர்னா. நடுவுல ஒரு வாய் திறந்துவிட்டாப் போதும், மீன் ஏறிடும். ஆபீஸ்ல அனுமதி வாங்கிட்டேன். ஆனா நிலம் அவரோடது. அவர் சரின்னு சொல்லணும்."

அவரிடம் சரி வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை பீன்ஸும் கறுப்பு ரொட்டியும் எடுத்துக்கொண்டு போனேன். பீன்ஸைச் சாப்பிட்டான்.

"ஒரு சின்ன சந்து ஹார்லன். அவ்ளோதான் கேக்கறோம்."

"சந்து வச்சா தண்ணி இறங்கும். தண்ணி இறங்குனா நான் மறுபடி சேத்தப் பாத்துட்டு உக்காரணும்."

"மீன் வருது. ஆத்து வாய்ல விராலடிப்பான் பருந்து சுத்த ஆரம்பிச்சாச்சு."

"வரட்டுமே. முட்டிட்டுத் திரும்பிப் போறது அதுங்களுக்குப் பரம்பரைப் பழக்கம்." தட்டை வழித்து நக்கிவிட்டு நீட்டினான். "உனக்கு ரெண்டு கூடை வேணும்னா கடைல வாங்கித் தரேன். கூடைக்காரி."

மே நடுவில் ஒருநாள். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுக் காலி பஸ்ஸோடு பாலத்தில் வருகிறேன், மேலே கடற்காகங்கள் கத்துகிற கத்தலில் இன்ஜின் சத்தம் கேட்கவில்லை. பாலத்தின் நடுவிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கிக் குனிந்து பார்த்தேன். ஆறு கறுப்பாக இருந்தது. நிழல் என்று நினைத்தேன். நிழல் அசைந்தது. முதுகுகள்! கரைக்குக் கரை முதுகுகள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, தேர்க்கூட்டம் மாதிரி. எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸுக்குள் ஓடி ஹாரனில் கையை வைத்தேன், எடுக்கவே இல்லை.

ஊரே வந்துவிட்டது. தபால்காரர் தபாலை வண்டியில் விட்டுவிட்டு வந்தார், முடிதிருத்துகிறவர் பாதித் தலையோடு ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாளி, வலை, தொப்பி, கையில் கிடைத்தது எல்லாம். பழைய அணை இருந்த இடத்துக்கு முதல் கூட்டம் வந்தபோது எல்லோரும் மூச்சைப் பிடித்தோம். மீன்களுக்கு அங்கே அணை இருந்தது என்பதே தெரியவில்லை, சும்மா ஏறிப் போயின. கத்தினோம் பாருங்கள், ஹாக்கி மேட்சில்கூட அப்படிக் கத்தியதில்லை. ஊர்க் கூட்டத்தில் அணையை உடைக்கக் கூடாது என்று கை தூக்கியவர்கள்தான் அதிகம் கத்தினார்கள். மீனோடு மீனாகக் கரையிலேயே மேலே ஓடினோம்.

ஆரஞ்சுப் பலகை வந்ததும் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். அங்கிருந்து பார்த்தாலே தெரிந்தது. மீன்கள் குச்சிச் சுவரில் முட்டின. எகிறின, விழுந்தன, பின்னால் வந்தவை முன்னால் நின்றவற்றின் மேல் ஏறின. கடற்காகங்கள் இறங்க ஆரம்பித்தன. லிசெட் என்னைப் பார்த்தாள். எனக்கு வந்த கோபத்தில் பலகையைத் தாண்டி உள்ளே போனேன். தங்கச்சிக்கு எதற்குப் பலகை?

ஹார்லன் காப்பிக் கோப்பையோடு சுவருக்கு அருகில் நின்றிருந்தான். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

"எங்கேருந்து வருது இவ்ளோ?" என்றான். ஐம்பது வருடம் தூண்டில் பிடித்தவன் கேட்கிற கேள்வி அது.

"கடல்லேருந்து. எத்தனையோ வருஷமா வழி தேடிட்டு."

"சத்தியமா நான் இப்படிப் பாத்ததில்ல, வெர்னா."

ஒரு மீன் எகிறிக் குச்சிகளின் மேலேயே விழுந்து துடித்தது. கடற்காகம் ஒன்று அதை நோக்கி இறங்கியது. ஹார்லன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக் கோப்பையையே பறவையின் மேல் வீசிவிட்டு, பாய்ந்து மீனை இரண்டு கையாலும் அள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீரில் விட்டான். அது ஒரு வட்டம் அடித்துவிட்டு மேலே போயிற்று. அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இன்னொன்றை அள்ளினான், இன்னொன்று. நானும் இறங்கினேன். முழங்கால் வரை தண்ணீர், பாவாடையெல்லாம் செதில், காது வரை சிரிப்பு இருவருக்கும்.

"வாளி கொண்டாங்க!" என்று கரையைப் பார்த்துக் கத்தினான். ஒருவரும் அசையவில்லை. "என்ன, பலகைல போட்டிருக்கறத எழுத்துக் கூட்டிப் படிக்கிறீங்களா? வாங்கய்யா!"

வந்தார்கள். வரிசை கட்டி நின்று வாளி மாற்றினோம். தபால்காரர் ஒவ்வொரு வாளிக்கும் ஒரு கூச்சல் போட்டார். ஆனால் நாங்கள் ஒரு வாளி ஏற்றுவதற்குள் கீழே பத்து வாளி மீன் வந்து சேர்ந்தது. வெயில் ஏறியது. ஓரத்தில் சில மீன்கள் பக்கவாட்டில் சாய ஆரம்பித்தன. லிசெட் ஹார்லனின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கையால முடியாது, சார்."

அவன் திரும்பித் தன் படகுத்துறையைப் பார்த்தான். தண்ணீர் அதன் கால்களைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்தான். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. என் வாய்க்கும் அன்று ஒரு நல்ல குணம், மூடிக்கொண்டே இருந்தது. வாளிகள் நின்றுவிட்டன.

ஹார்லன் சுவரின் நடுவுக்கு நடந்தான். குனிந்து, சேற்றில் கையை விட்டு, தடவித் தடவி ஒரு குச்சியைப் பிடித்து இழுத்தான். அது வரவில்லை. காலை ஊன்றி மறுபடி இழுத்தான். மணிக்கட்டுக் கனத்தில் தண்ணீர் பீறிட்டது. கீழே அத்தனை மீனும் ஒரே சமயத்தில் அந்தச் சத்தத்தின் பக்கம் தலையைத் திருப்பின. ஹார்லன் குச்சியைக் கையில் பிடித்தபடி நின்றான். எறியவும் இல்லை, திரும்பச் செருகவும் இல்லை. அவன் முழங்கால்களுக்கு நடுவே முதல் மீன் ஏறியது.