குளியலறைப் பர்மிட்

துபாயின் தேராவில் நாங்கள் ஆறு பெண்கள் தங்கியிருக்கும் ஃபிளாட்டில் குளியலறை ஒன்றுதான். அதில் கீசருக்குப் பின்னால் ஒரு சிலந்தி இருக்கிறது. காலை விரித்தால் என் உள்ளங்கை அளவு வரும் என்று நினைக்கிறேன். அளந்து பார்க்கவில்லை, ஆகவே இது மதிப்பீடு மட்டுமே.

பகலில் ஒரு டைப்பிங் சென்டரில் மற்றவர்களின் விசா விண்ணப்பங்களை நிரப்புகிறேன். என்னுடைய விசா அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். செவ்வாய், வியாழன் மாலைகளில் சேஃப்டி வகுப்பு. வகுப்பில் ஒருவரை மட்டும், புஜைராவில் எண்ணெய்த் தாங்கிகள், அதாவது பெரிய டேங்குகள், வைத்திருக்கும் ஒரு நிறுவனத்துக்கு, பாடம் நடத்தும் சேதுமாதவன் சேர் சிபாரிசு செய்வார். அதற்கான கடைசிப் பயிற்சி: தங்கும் இடத்தில் ஓர் ஆபத்தைக் கண்டுபிடித்து, புள்ளி போட்டு, கட்டுப்படுத்தி, ஒரு வாரம் பதிவேடு எழுத வேண்டும்.

மற்றவர்கள் பழுதான பிளக்கையும் படிக்கட்டில் கிடக்கும் சைக்கிளையும் எடுத்துக்கொண்டார்கள். நான் சிலந்தியை எடுத்தேன். நேரக்கூடிய சாத்தியத்துக்கு ஐந்துக்கு ஐந்து, ஏனென்றால் அது எப்போதும் அங்கேயே இருக்கிறது. பாதிப்பின் கடுமைக்கு ஐந்து என்றால் மரணம். நீண்ட நேரம் யோசித்து ஐந்தே போட்டேன். பெருக்கினால் இருபத்தைந்து. புத்தகத்தின்படி அது வேலையை உடனே நிறுத்த வேண்டிய எண். குளிப்பதை நிறுத்த முடியாது என்பதால் பர்மிட் முறையைக் கொண்டுவந்தேன். ஆபத்தான தாங்கிக்குள் இறங்குகிறவர் உள்ளே போகும் நேரத்தையும் வெளியே வரும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வாசலில் ஒரு காவலாள் நிற்க வேண்டும். அதே மாதிரி ஒரு தாளைக் குளியலறைக் கதவில் ஒட்டினேன். ‘பாதிக்கப்படக்கூடியோர்’ என்ற கட்டத்தில் ‘ஆறு பேர்’ என்று எழுதினேன்.

ஃபிளாட்டின் பொறுப்பு ஜுலைஹா பீவி அக்காவிடம். ராமநாதபுரத்துக்காரர். அவர்தான் முதலில் பார்த்தார்.

“என்னம்மா தர்மிகா இது? குளிக்கிறதுக்குப் பர்மிட்டா? கபர்ஸ்தானுக்குப் போறதுக்கும் உங்கிட்ட பர்மிட் வாங்கணுமா?”

“ஒரு கிழமைக்குத்தான் அக்கா. வகுப்புக்குக் காட்ட வேணும்.”

“போட்டுத் தொலைங்க அக்கா,” என்றாள் அறைத்தோழி ஹாலிதா, பல் துலக்கியபடியே. “கையெழுத்துத்தானே, நிக்காஹ் நாமாவா?”

முதல் நாள் எல்லாரும் சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். இரண்டாம் நாள் ஒரு விஷயம் தெரிந்தது. ஜுலைஹா அக்கா வழக்கமாக உள்ளே நாற்பது நிமிடம் இருப்பார். பர்மிட்டில் பன்னிரண்டு நிமிடந்தான். ஹாலிதா வாசலில் நின்று கதவைத் தட்டி, “அக்கா, டைம் கலாஸ், முடிஞ்சு போச்சு! வெளியே வரலேன்னா மீட்புக்குழுவைக் கூப்பிடுவேன்!” என்று கத்தினாள். அன்று முதல் ஒருவரும் டியூட்டிக்குப் பிந்தவில்லை. மூன்று வருடமாக நடந்த காலைச் சண்டை நின்றுவிட்டது.

நான் மிகப் பெருமைப்பட்டேன். இப்போது அது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆறாம் நாள் மாலை சேதுமாதவன் சேர் வீடியோவில் ஆய்வுக்கு வந்தார். கையெழுத்துகளைப் பார்த்தார், நேரங்களைப் பார்த்தார். தலையாட்டினார்.

“நல்லா பண்ணியிருக்கீங்க. ஆறு பேருக்கு ஆபத்துன்னு போட்டிருக்கீங்களே, அவங்ககிட்ட விசாரிச்சீங்களா?”

நான் விசாரிக்கவில்லை. போனை ஜுலைஹா அக்காவின் பக்கம் திருப்பினேன்.

“எட்டுக்கால் பூச்சியா?” என்றார் அக்கா. “அது எனக்கு முன்னாடியே இந்த ஃபிளாட்டுக்கு வந்தது சார். பாவம், கொசு தின்னுட்டுக் கெடக்கு.”

“எனக்குப் பயமெல்லாம் இல்ல சார்,” என்றாள் ஹாலிதா. “வரிசை ஒழுங்காப் போகுதுன்னு கையெழுத்துப் போட்டேன்.”

மற்ற மூவரும் அதையே சொன்னார்கள். சேர் பதிவேட்டை மறுபடி காட்டச் சொன்னார்.

“தர்மிகா, இது பொய்ப் பதிவு. தாங்கி வேலையில பொய்ப் பதிவுன்னா ஒரு உயிர். நாளைக்குக் காலை எட்டு மணிக்குள்ள உண்மையை எழுதி அனுப்புங்க. இல்லேன்னா பிளக் எழுதின பையனைத்தான் அனுப்புவேன்.”

காலை ஆறு மணிக்குத் திருத்த உட்கார்ந்தேன். பாதிக்கப்படக்கூடியோர்: ஒருவர். பெயர்: தர்மிகா ஆனந்தராசா. கடுமை: எவ்வளவு என்று தெரியவில்லை. தெரியாததை எப்படி எழுதுவது? போய்ப் பார்த்தால்தான் தெரியும். இதுவரை நான் கண்ணை மூடிக்கொண்டே குளித்திருக்கிறேன் என்பதையும் எழுதினேன்.

ஜுலைஹா அக்கா வாசலில் காவலுக்கு நின்றார். நான் உள்ளே போய், தண்ணீரைத் திறந்து, கண்ணையும் திறந்தேன். அது கீசரின் குழாயில் இருந்தது. ஏழு கால்கள். ஒன்றை எங்கேயோ இழந்திருந்தது.

“உசிரோட இருக்கியா?” என்று அக்கா நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டார்.

“ஓம் அக்கா.”

“அது?”

“அதுவும் இருக்குது.”

ஐந்தாம் நிமிடம் அது ஒரு காலைத் தூக்கியது. நான் சோப்புடன் வெளியே வந்துவிட்டேன். கடுமை: ஒன்று. கண்ணில் சோப்பு எரிந்தது, வேறு சேதமில்லை. ஐந்தை ஒன்றால் பெருக்கினால் ஐந்து. இந்த எண்ணுக்குப் பர்மிட் தேவையில்லை என்று எழுதி, ஏழு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினேன். தாளைக் கழற்றப் போனபோது ஹாலிதா கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ பயப்படலேன்னா போ. நாங்க பயப்படுறோம்னு எழுதிக்க.”

பத்து மணிக்குச் சேர் அழைத்தார்.

“படிச்சேன். பயந்ததை எழுதினவங்க நீங்க ஒருத்தர்தான். திங்கட்கிழமை புஜைரா போங்க. மொதல் வேலை, காலியா இருக்கிற ஒரு தாங்கிக்குள்ள இறங்கிப் பார்க்கணும்.”

“எவ்வளவு காலமாய் காலியாக் கிடக்குது, சேர்?”

“பதினாலு மாசம்.”

“உள்ளுக்கு என்ன இருக்குது?”

“அது அவங்களுக்கே தெரியாது. அதைப் பார்க்கத்தானே உங்களை அனுப்புறேன்.”

போகிறேன் என்றேன். குரல் நடுங்கியது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.