குண்டுப் பிள்ளை இல்லாத பாடசாலை

உடற்பருமனை ஒழிக்கும் அரசாங்கத் திட்டம் டிக்கோயாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கும் வந்து சேர்ந்தது. வந்த அதிகாரி பிள்ளைகளை வரிசையாகத் தராசில் ஏற்றினார். முள் அசையவே யோசித்தது. ரொட்டிக்கு மாவு வாங்க வழியில்லாமல், பாதிப் பேர் வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தவர்கள். அதிகாரிக்கோ வாயெல்லாம் பல்.

"ஒரு பிள்ளகூட குண்டா இல்லியே! மாவட்டத்துக்கே முன்மாதிரி நீங்கதான் டீச்சர்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த மாதம் பரிசு வந்தது. எடை குறைப்பதற்காக ஏறி ஓடும் இயந்திரமாம். லொறி மேடேற முடியாமல் கீழ் ரோட்டிலேயே நின்றுவிட, பத்தாம் தரத்துப் பிள்ளைகள் அதைச் சுமந்துகொண்டு மேலே வந்தார்கள். பின்னாலேயே மூச்சிரைக்க வந்த அதிகாரி நாற்காலியில் பொத்தென்று சாய்ந்தார். பிறகு ரிப்பனை வெட்டி, ஆசிரியர்கள் வாங்கி வைத்த, எண்ணெயில் பொரித்த பெட்டிஸைக் கடித்தபடியே புத்தி சொன்னார்.

"தெனமும் இதுல ஓடுங்க. எட மட்டும் கூடிடவே கூடாது."

இயந்திரத்தைச் சுமந்து வந்த நிரோஜினி, உள்ளங்கையில் பதிந்த இரும்புத் தடத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

"கவலப்படாதீங்க சேர். அத மாவு வெலையே பாத்துக்கிரும்."