சந்தனம் வைத்த பிரிண்டர்

"அந்தப் பிரிண்டரை இன்னும் யார் வைத்திருக்கிறார்கள்?"

ஒரு வரி மின்னஞ்சல்தான். அறிவுச்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அனுப்பியது, இலவச இயங்குதளம் ஒன்றுக்குச் சம்பளமில்லாமல் நிரல் எழுதும் குழு. பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே இவளும் அதில் எழுதினாள். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் டிரைவர் இவள் பொறுப்பு. 2006 அக்டோபர் இரண்டாம் தேதிக்குள் சொந்தமாக மெஷின் வைத்திருக்கும் ஒருவர் தன் பேரில் சோதித்துச் சொல்ல வேண்டும், இனி வரும் பதிப்புகளையும் சோதிக்க ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அந்த டிரைவரையே தூக்கிவிடுவார்கள்.

'எங்கள் ஊரில் பாதிக் கடை அதில்தான் ஓடுகிறது' என்று பதில் போட்டுவிட்டு, புது டிரைவர் பதிந்த சி.டி.யோடு திண்டுக்கல் பஸ் ஏறினாள்.

நிலக்கோட்டைப் பூக்கடையில் உடையப்பன் சி.டி.யைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏத்தா, பில்லு நின்னா வேன் நிக்கும். அம்புட்டு மல்லியயும் நீயா தலையில வச்சுக்குவ?"

பழனி லாட்ஜ் மேனேஜர் மரியாதையாகவே மறுத்தார். "ஓடற மெசின்ல எதுக்குங்க கை வெக்கறது? ஓடாதது ஒண்ணு கெடக்குதுங்க, அத வேணா எடுத்துக்கங்க."

ஓடாததை வைத்து எதைச் சோதிப்பது?

மிச்சமிருந்தது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெய்தூன் பீவியின் ஜாப் டைப்பிங் கடை. கல்லூரிக் காலத்தில் சாயங்காலமெல்லாம் இவள் டைப் தட்டிய கடை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவளுக்குக் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்க்கக் கிடைத்த ஒரே இடம். பிரிண்டர் கர்ரென்று இழுக்கும்போது மேசையே அதிரும், டீ கிளாஸ் தானாக நகரும். ரிப்பன் மை விரலில் ஏறினால் சோறு பிசையும்போதும் போகாது. அந்த மையோடு வகுப்புக்குப் போவதில் அவளுக்கு ஒரு திமிர் இருந்தது.

அவள் போய் நின்றது ஆயுத பூஜையன்று. கடை கழுவி, மெஷினுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது.

"இன்னைக்குத் தொடக் கூடாது," என்றாள் ஆபரேட்டர் முத்துப்பேச்சி.

அறிவுச்செல்வி ஜெய்தூனைப் பார்த்தாள். "நீங்களாச்சும் சொல்லுங்கக்கா."

"கடை என்னுது, பூசை அவளுது. நான் பேச முடியாது புள்ள. நாளைக்கு வா."

நாளைதான் கடைசி நாள். விஜயதசமிக் காலையில் கடை திறக்கும் முன்னே வந்து நின்றாள்.

சி.டி. ஏறியது. பிரிண்டர் அசையவில்லை. 'காகிதம் இல்லை' என்றது திரை. காகிதம் கண்ணெதிரே இருந்தது. எழுதிய நிரலை வரிவரியாகப் படித்தாள், ஒன்றும் அகப்படவில்லை.

"ஊரெல்லாம் சிரிக்கப் போகுது," என்று பல்லைக் கடித்தாள்.

"சிரிக்கட்டும், நீ செத்த நேரம் ஒக்காரு," என்றாள் ஜெய்தூன்.

உட்காரவில்லை. மூடியைக் கழற்றினாள். காகிதம் வந்துவிட்டதென்று சொல்லும் பொடி நெம்புகோல் காய்ந்த சந்தனத்தில் ஒட்டிக் கிடந்தது.

"உள்ளயுமாக்கா பொட்டு வச்சீங்க?"

"வேல பாக்குறதே உள்ளதான?" என்றாள் முத்துப்பேச்சி, அசராமல்.

அறிவுச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஈரத்துணியால் துடைத்தாள். கர்ரென்று மேசை அதிர, சோதனைப் பக்கம் வரிவரியாக இறங்கியது. கிழித்து எடுத்து ஜெய்தூன் முன்னால் வைத்தாள்.

"ஒங்க பேரக் குடுக்கணும்க்கா. அடுத்தடுத்து சி.டி. அனுப்புவேன், நீங்க ஓட்டிப் பாத்துச் சொல்லணும்."

"இத வித்துட்டு லேசர் வாங்கலாம்னு இருந்தேன்."

"விக்காதீங்க."

ஜெய்தூன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஓரமா கெடந்துட்டுப் போகுது. நீ கூப்புட்டா நான் போன எடுக்கணும், அதான? நான் கூப்புட்டா நீயும் எடுக்கணும். போன வருசம் ரம்சானுக்குக் கூப்புட்டேன், எடுக்கல. எம் மக கல்யாணத்துக்குக் கூப்புட்டேன், எடுக்கல."

வெளியே பழனி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எடுக்குறேன்க்கா."

"அப்ப எம் பேரப் போடு," என்றாள் ஜெய்தூன். "இனிசியலோட போடு."